ஜன்னலோரம் நான்கு பேர்

ரோசலி இறந்ததில் வெண்டல் ஹவுசருக்கு உண்மையாகவே வருத்தம்தான். அடக்கத்தன்று இரங்கல் உரை ஆற்றியதே அவர்தான். இருபத்தாறு நிமிடம் பேசினார்; அதில் நான்கு நிமிடம் ரோசலியைப் பற்றியும் இருந்தது. ஆனால் அந்த அம்மாள் தன்னந்தனியாகப் போய்ச் சேர்ந்ததில் ஒரு சிக்கல் முளைத்துவிட்டது. மூன்று ஜோடிகளாக, ஆறு பேராக இருந்தவர்கள் ஐந்து பேராகிவிட்டார்கள். ஸிக்கியின் கடையில் ஐந்து பேருக்கு இடமே கிடையாது.

மில்வாக்கியின் தெற்குப் பக்கத்தில் ஸிக்கி கடையின் வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்குப் போகாதவர்கள் இரண்டு வகை: படுத்த படுக்கையாகக் கிடப்பவர்கள், அவர்களைப் பார்த்துக்கொள்பவர்கள். உள்ளே நுழைந்ததும் மதுக்கூடம். அதற்கு எதிரே தெருவைப் பார்த்த பெரிய ஜன்னல்; ஜன்னலை ஒட்டி எதிரெதிராக இரண்டு பெஞ்சு, நடுவில் ஒரு மேஜை. பெஞ்சுக்கு இரண்டு பேர் வீதம் நான்கு பேர். அந்தக் கடையில் சிம்மாசனம் என்று ஒன்று உண்டென்றால் அதுதான். அதற்கடுத்து ஆறு பேர் உட்காரும் வட்ட மேஜைகள் இரண்டு. ஐந்து பேராகப் போய் நிற்பவர்களைக் கழிப்பறைக்குப் போகும் வழியில் கிடக்கும் நீள மேஜைக்கு அனுப்பிவிடுவார்கள். சுவரில் அடித்த மான் தலைக்குக் கீழே, முன்பின் தெரியாத குடும்பங்களோடு தோளோடு தோள் இடித்துச் சாப்பிட வேண்டும்.

ஜன்னலோரத்தில் கூடுதலாக ஒரு நாற்காலி போட்டுக்கொள்ளலாமே என்று வெண்டல் கேட்டுப் பார்த்தார். வாசலில் பெயர் எழுதும் டொலோரெஸ் எழுபத்திரண்டு வயதுப் பெண்மணி. மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார்.

"போன தடவ அங்க நாற்காலி போட்டதுல பதினோரு தட்டு மீனு தரைக்குப் போச்சு கண்ணு. அத அள்ளினது நான். நீயில்ல."

அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை ஐந்து மாதம் அவர்கள் மான் தலைக்குக் கீழே சாப்பிட்டார்கள். முப்பது வருடம் ஒரு பள்ளிக்கூடத்தில் துணை முதல்வராக இருந்தவர் வெண்டல். மதிய உணவுக் கூடத்தில் யார் எங்கே உட்காருவது என்பதை முப்பது வருடமும் அவர்தான் தீர்மானித்தார். ஓய்வு பெற்ற பிறகு பங்கு ஆலயத்தின் மாதச் செய்தித் தாளில் 'தட்டின் ஓரம்' என்று ஒரு பத்தி எழுதிவந்தார். பேட்டையின் சிறு கடைகளை அதில் அலசுவார். "இது பெர்ச் மீன் அல்ல, பெர்ச் மீனைப் பற்றிய வதந்தி" என்று ஒரு கடையைப் பற்றி எழுதிவிட்டு, அந்த வரியைப் பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கடைக்காரர் அதைப் படிக்கவில்லை. வேறு யாரும் படித்ததற்கும் தடயம் இல்லை.

மேஜையில் யார் என்ன சாப்பிடுவது என்பதும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. எல்லாருக்கும் காட் மீன், பொரித்த உருளைக்கிழங்கு, ரை ரொட்டி. உருளைக்கிழங்கு அடையும் ஆப்பிள் மசியலும் கேட்பது சிறுபிள்ளைத்தனம் என்பது அவர் கட்சி. மனைவி மார்லிஸ் பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒருமுறை அடை கேட்டுப் பார்த்தார். பணிப்பெண்ணின் எதிரிலேயே அதற்கு ஒரு விளக்கவுரை நடந்தது. அதற்குப் பிறகு கேட்கவில்லை.

வெண்டலுக்கு ஒரு பெருமிதமும் இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் ஸிக்கி கடையில் ஊரே இரண்டு மணி நேரம் காத்துக் கிடக்கும். இவர்கள் ஐந்து மணிக்குப் போய்க் கோட்டைக் கழற்றுவதற்குள் டொலோரெஸின் ஒலிபெருக்கி, "வெண்டல், ஆறு பேர்" என்று கூப்பிட்டுவிடும். "நம்ம தரத்துக்கு அவங்க காட்டற மரியாதை" என்பார். ரோசலியும் அவர் கணவர் கிளெம்மும் எப்போதும் முன்னாலேயே வந்து மதுக்கூடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் ஏன் அவ்வளவு முன்னால் வருகிறார்கள் என்று யாரும் கேட்டதில்லை.

தவக்காலம் தொடங்கியது. மாமிசம் தொடக்கூடாத முதல் வெள்ளியன்று, பேட்டையின் வாரப் பத்திரிகையிலிருந்து ஒரு பெண் ஸிக்கி கடைக்கு வருவதாக ஏற்பாடு. வாடிக்கையாளர்களைப் படம் பிடித்துக் கட்டுரை எழுதுவாள். ஏற்பாடு செய்தவர் வெண்டல். அதற்காக ஏழு கடிதம் எழுதியிருந்தார். ஜன்னலோர மேஜையில்தான் படம் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். தன் முகம் அந்த ஜன்னல் வெளிச்சத்தில் எப்படி விழும் என்று வெண்டல் குளியலறைக் கண்ணாடியில் இரண்டு நாள் பார்த்தார். வெளிச்சத்தில் ஒரு குறையும் இல்லை. எண்ணிக்கையில்தான் ஒன்று அதிகம்.

கோர்டி வீட்டு நிலவறையில், கிளெம் இல்லாமல், மற்ற நான்கு பேரும் கூடினார்கள். கோர்டி குளிர்சாதனப் பெட்டி பழுது பார்த்து ஓய்வு பெற்றவர்; அவர் மனைவி பெவ் பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருந்தவர்.

"கிளெம் தங்கமான ஆளு" என்றார் கோர்டி.

"அத யாரு இல்லன்னா" என்றார் வெண்டல்.

"பாக்கவே மனசு தாங்கல" என்றார் பெவ். "ரோசலி மிச்ச ரொட்டிய நாப்கின்ல சுத்திப் பையில போட்டுக்குவா பாரு, இப்ப அத அவரு செய்யறாரு. அந்தக் கையப் பாத்தா எனக்கு மீனு எறங்க மாட்டேங்குது."

"அதான் சொல்றேன். அவனுக்கும் கஷ்டம், நமக்கும் கஷ்டம்."

"அதுக்காக வராதேன்னா சொல்றது?" என்றார் மார்லிஸ்.

மேலே சலவை இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது.

"நான் சொல்லல" என்றார் கோர்டி.

"நானும் சொல்ல மாட்டேன்" என்றார் பெவ். "சொன்னா அழுதுடுவேன். வெண்டல் சொல்லட்டும். அவருக்குத்தான் பதமா பேச வரும்."

ஆக, கருணை மிகுந்த நான்கு பேர் சேர்ந்து, மனைவியை அடக்கம் செய்து ஐந்து மாதமே ஆன ஒரு மனிதரைக் கழற்றிவிட முடிவு செய்தார்கள். முடிவு செய்ததும் எல்லாருக்கும் நல்ல பசி எடுத்தது.

இந்த இடத்தில் அந்த ஊர்க்காரர்களின் ஒரு பழக்கத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. தட்டில் கடைசியாக மிஞ்சும் ஒரு துண்டை அங்கே யாரும் எடுப்பதில்லை. நீ எடுத்துக்கோ என்பார் ஒருவர். ஐயோ எனக்கு வேணாம் என்பார் மற்றவர். மூன்று சுற்று முடிந்த பிறகே, யாரோ உலகத்துக்காகத் தியாகம் செய்வதுபோல அதை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். முதல் சுற்றிலேயே "சரி" என்று சொல்பவன் வளர்ப்பு சரியில்லாதவன். அதேபோல, எதையும் நேராகச் சொல்பவனும். 'வராதே' என்கிற ஒரு சொல்லை அந்த ஊரில் யாரும் யாருக்கும் சொன்னதில்லை. அதைச் சுற்றி நடந்து, அதன் நிழலைக் காட்டி, தானாகப் புரிந்துகொள்ள விடுவார்கள்.

புதன்கிழமை வெண்டல் கிளெம்மின் வீட்டுக்குப் போனார். மார்லிஸ் செய்துகொடுத்த டூனா நூடுல்ஸைக் கையில் ஏந்தியிருந்தார். அது தகரத் தாளால் மூடியிருந்தது. துக்க வீட்டுக்குப் போகும் பாத்திரமும் அதுதான், தூக்கு மேடைக்குப் போகும் பாத்திரமும் அதுதான்.

சமையலறை மேஜையில் ஒரே ஒரு காபிக் கோப்பை இருந்தது. நகரப் பேருந்தை முப்பத்து நான்கு வருடம் ஓட்டியவர் கிளெம். நிறுத்தம் வரும்வரை வாயைத் திறக்காத பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை.

"கிளெம், ஒரு மேஜைக்குன்னு ஒரு இயல்பு இருக்கு" என்று தொடங்கினார் வெண்டல். "நாலுங்கறது பேச்சுக்கான எண். ஆறுங்கறது விருந்துக்கான எண். அஞ்சு இருக்கே, அது எதுக்குமே ஆகாது."

"அஞ்சு கஷ்டந்தான்" என்றார் கிளெம்.

"கரெக்ட். இனிமே நாம நாலு பேருங்கற கணக்குக்கு வந்துடறது நல்லதுன்னு எனக்குப் படுது. நம்மள்ல ஒருத்தர் பெருந்தன்மையா ஒதுங்கிக்கணும். கொஞ்ச காலத்துக்கு. பழசையெல்லாம் நெனச்சு நெனச்சு அதே எடத்துல ஒக்காந்திருந்தா மனசு எப்படி ஆறும், சொல்லு."

"ஆறாது."

"நான் யாரு பேரையும் சொல்ல மாட்டேன். அது நாகரிகமில்ல. தானா புரியணும்."

கிளெம் தகரத் தாளைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்துவிட்டு மூடினார். "புரியுது வெண்டல். வந்து சொன்னியே, அதுவே பெரிசு. சுலபமா இருந்திருக்காது."

"வருத்தமில்லையே?"

"எனக்கென்ன வருத்தம்?"

காரில் ஏறும்போது வெண்டலின் கண் கலங்கியது. தன் நயத்தை நினைத்து.

வெள்ளிக்கிழமை ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது நான்கு பேரும் ஸிக்கி கடைக்குள் நுழைந்தார்கள். வெண்டல் நீலக் கோட்டும், மீன் பொறித்த கழுத்துப்பட்டியும் அணிந்திருந்தார். கடை நிரம்பி வாசல்வரை வழிந்தது. ஜன்னலோர மேஜையை ஒரு பணிப்பெண் துடைத்துக்கொண்டிருந்தாள். பத்திரிகைப் பெண் கேமராவோடு பாப்கார்ன் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றாள். வெண்டல் அவளைப் பார்த்துக் கையசைத்துவிட்டு டொலோரெஸிடம் போனார்.

"வழக்கம்போல, டொலோரெஸ். இன்னியிலேருந்து நாலு பேர்."

டொலோரெஸ் தாளில் விரலை ஓட்டினார். "உன் பேரு இல்லையே கண்ணு."

"பேரு எதுக்கு? நீங்களாத்தானே கூப்பிடுவீங்க?"

"நானா?" டொலோரெஸ் கண்ணாடியைக் கழற்றினார். "யோவ், வாராவாரம் மூணரை மணிக்கு கிளெம் வந்து உன் பேர எழுதி வெச்சுட்டு ஒக்காந்திருப்பான். முன்னல்லாம் அவளும் கூட வருவா. உங்களுக்காக ஒன்றரை மணி நேரம் ரெண்டு பேரும் அந்த ஸ்டூல்லயே கெடப்பாங்க. நான் எதுக்கு உன் பேர எழுதப் போறேன்? நீ என்ன பிஷப்பா?"

பின்னால் நின்ற யாரோ சிரித்தார்கள். வெண்டல் திரும்பவில்லை.

"இப்ப எழுதினா எவ்வளவு நேரமாகும்?"

"ரெண்டேகால் மணி நேரம். மீனு தீந்து போகலேன்னா."

அந்த நேரத்தில்தான் மதுக்கூட ஸ்டூலிலிருந்து கிளெம் இறங்கினார். சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை அணிந்திருந்தார். டொலோரெஸ் ஒலிபெருக்கியை வாயருகே வைத்து, பக்கத்திலேயே நிற்பவரைக் கடை முழுவதற்கும் கேட்கும்படி கூப்பிட்டார்: "கிளெம், நாலு பேர். ஜன்னலோரம்."

"அவன் பேரையே எழுதியிருக்கான் இன்னிக்கு" என்றார் டொலோரெஸ், வெண்டலிடம், ஒரு தகவலாக.

கிளெம் வந்து நின்றார். மார்லிஸைப் பார்த்தார், பெவ்வைப் பார்த்தார், கோர்டியைப் பார்த்தார். கடைசியாக வெண்டலைப் பார்த்து, முகத்தில் லேசான வியப்பு.

"நீயும் வந்தியா?"

"என்ன கேள்வி இது?"

"இல்ல, புதன்கிழமை வந்து சொன்னியே. நாலு பேர்தான் இனிமே, ஒருத்தர் பெருந்தன்மையா ஒதுங்கிக்கணும்னு. அவ்வளவு நேரம் பேசினே, கார்ல ஏறறப்ப கண்ணெல்லாம் கலங்கிச்சு. நீதான் ஒதுங்கிக்கறேன்னு நெனச்சேன்."

அவர் நிஜமாகவே அப்படி நினைத்தாரா என்பது அந்த முகத்தில் தெரியவில்லை. முப்பத்து நான்கு வருடம் கண்ணாடியில் பயணிகளைப் பார்த்துப் பழகிய முகம் அது.

வெண்டல் மற்ற மூவரையும் பார்த்தார். யாராவது வாயைத் திறந்து, 'இல்ல கிளெம், அது உன்னைத்தான்' என்று சொல்லலாம். கோர்டி தன் பூட்ஸைப் பார்த்தார். பெவ் மேஜையைப் பார்த்தார். மார்லிஸ் எதையுமே பார்க்கவில்லை.

"சீக்கிரம் முடிவு பண்ணுங்க" என்றார் டொலோரெஸ். "பேரு எழுதினவன் ஒக்காரணும், அதுதான் இங்க சட்டம். கூட மூணு பேரு. ஆளு இல்லேன்னா அடுத்த நாலு பேரக் கூப்பிடறேன்."

முப்பது வருட அனுபவம் வெண்டலுக்குக் கைகொடுத்தது. இந்த மாதிரி நேரத்தில் ஒரு பெரிய மனிதன் என்ன செய்வானோ அதைச் செய்தார். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். மார்பில் கை வைத்தார். பத்திரிகைப் பெண்ணுக்கும் கேட்கும்படி, "பரவாயில்ல, நான் ஸ்டூல்ல ஒக்காந்துக்கறேன். நீங்க நாலு பேரும் போங்க" என்றார்.

இது முதல் சுற்று. இதற்கு அவர்கள் மறுக்க வேண்டும். அவர் மறுபடி வற்புறுத்த வேண்டும். அவர்கள் மறுபடி மறுத்து, கையைப் பிடித்து இழுக்க வேண்டும். மூன்றாவது சுற்றில் கிளெம்மே, நான் போறேன், நீ ஒக்காரு என்பார். வெண்டல் கடைசிவரை கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

"சரி" என்றார் மார்லிஸ்.

முதலில் மேஜைக்கு நடந்ததும் மார்லிஸ்தான். ஜன்னலோரம் உள்பக்கமாக நகர்ந்து உட்கார்ந்து, கைப்பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"நீ ரொம்ப நல்லவன்யா" என்று கோர்டி வெண்டலின் தோளைத் தட்டிவிட்டு வேகமாகப் போனார். பெவ் அவர் கன்னத்தில் முத்தம் வைத்துவிட்டுப் போனார். இழவு வீட்டில் வைக்கும் முத்தம்.

கிளெம் உட்கார்ந்திருந்த ஸ்டூல்தான் காலியாக இருந்தது. ஒரு பக்கம் பாப்கார்ன் இயந்திரம், மறுபக்கம் கோட்டு மாட்டும் ஆணிகள். ஈரக் கோட்டுகளின் கைகள் வெண்டலின் காதை உரசின. பரிமாறுகிற ஆள், "தனியாவா?" என்றான். பதிலுக்குக் காத்திராமல் பிராந்தியில் ஆரஞ்சும் செர்ரிப் பழமும் போட்டு முன்னால் வைத்துவிட்டுப் போனான்.

அங்கிருந்து ஜன்னலோர மேஜை நன்றாகத் தெரிந்தது. பேச்சும் பாதி கேட்டது. பணிப்பெண் வந்ததும் நான்கு பேரும் ஒரு கணம் தயங்கினார்கள். யாரோ தங்களுக்காகச் சொல்வார் என்று காத்திருந்த பழக்கம். பிறகு மார்லிஸ் சொன்னார்: "எனக்கு பெர்ச் மீன். உருளைக்கிழங்கு அடை. ஆப்பிள் மசியல் கொஞ்சம் தாராளமா வை."

"எனக்கும் அடை" என்றார் பெவ்.

"அட, எனக்கும்" என்றார் கோர்டி. மீன் வந்ததும் ஒரு துண்டை முள்கரண்டியில் தூக்கிப் பிடித்து, கழுத்தை நிமிர்த்தி, தொண்டையைச் செருமி, "இது பெர்ச் மீன் அல்ல, பெர்ச் மீனைப் பற்றிய வதந்தி" என்றார். குரல் அப்படியே வெண்டலின் குரல்.

மார்லிஸ் சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார். முப்பத்தெட்டு வருடத் திருமணத்தில் அந்தச் சிரிப்பை வெண்டல் கேட்டதில்லை. வேறு பெண்ணோ என்று ஒரு நொடி தோன்றியது.

ரொட்டிக் கூடையில் இரண்டு துண்டு மிஞ்சியது. பெவ் அதைக் கிளெம் பக்கம் நகர்த்தி, நாப்கினையும் எடுத்துக் கொடுத்தார். கிளெம் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அந்தக் கையைப் பார்த்தால் மீன் இறங்காது என்று சொன்ன பெவ், இரண்டாம் தட்டு கேட்டார்.

பத்திரிகைப் பெண் படம் எடுத்தாள். "இந்த மேஜையோட தலைவர் யாரு?" என்று அவள் கேட்பதும், மூன்று பேரும் கிளெம்மைக் காட்டுவதும் தெரிந்தது. வெண்டல் ஸ்டூலிலிருந்து இறங்கி அவளிடம் போய், கடிதம் எழுதியது தான்தான் என்றார். அவள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, "கொஞ்சம் நகர்ந்துக்கறீங்களா, வெளிச்சத்த மறைக்கிறீங்க" என்றாள்.

கிளம்பும்போது கிளெம் ஸ்டூலருகே நின்றார்.

"நீ சொன்னது சரிதான் வெண்டல். நாலுதான் பேச்சுக்கான எண்."

வெண்டல் கண்ணாடித் தம்ளரையே பார்த்தார்.

"நீயும் ரொம்ப நேரம் இங்க ஒக்காந்திருக்காதே. அதே எடத்துல ஒக்காந்து பழசையெல்லாம் நெனச்சா மனசு ஆறாது" என்று வெண்டலின் கோட்டுக் காலரைச் சரிசெய்துவிட்டுப் போனார்.

அடுத்த வியாழக்கிழமை பத்திரிகை வந்தது. அரைப் பக்கத்துக்குப் படம். கீழே: 'கிளெம்மும் நண்பர்களும், ஜன்னலோரம்.' ஓரத்தில், தொங்கும் கோட்டுகளுக்கு நடுவே, ஒரு முழங்கை தெரிந்தது. அதையும் கோட்டு என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

அன்று மாலை கோர்டி தொலைபேசியில் அழைத்தார். வெண்டலின் பெருந்தன்மையைப் பற்றி நெடுநேரம் பேசினார். இப்படியொரு மனசு யாருக்கு வரும் என்றார். கொஞ்ச காலத்துக்கு இப்படியே இருக்கட்டும் என்று எல்லாரும் நினைப்பதாகச் சொன்னார். எல்லாரும் என்றால் யார் யார் என்று வெண்டல் கேட்கவில்லை. பெயர் சொல்வது நாகரிகமில்லை.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு மார்லிஸ் உதட்டுச்சாயம் போட்டுக்கொண்டிருந்தார். கிளெம்மோடு சேர்ந்து பெயர் எழுதப் போவதாகச் சொன்னார். மனுஷன் ஒன்றரை மணி நேரம் தனியாக உட்கார்ந்திருப்பது பாவமாம்.

வெண்டல் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து 'தட்டின் ஓரம்' எழுதிக்கொண்டிருந்தார். ஸிக்கி கடையின் தரம் எப்படிச் சரிந்துவிட்டது என்பதைப் பற்றி மூன்றாவது பத்தி போய்க்கொண்டிருந்தது.

கதவருகே மார்லிஸ் திரும்பினார். "உனக்கு ஒரு பெட்டியில கட்டி எடுத்துட்டு வரட்டுமா? காட் மீன்தானே?"

வெண்டலுக்குக் காலையிலிருந்து பசி. பேனாவை மூடினார். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வேணாம்" என்றார்.

"சரி" என்றார் மார்லிஸ்.

கதவு சாத்திக்கொண்டது. கார் கிளம்பித் தெருமுனை திரும்புகிற வரைக்கும் வெண்டல் அதே பக்கமாக முகத்தை வைத்துக்கொண்டு, இரண்டாவது சுற்றுக்காகக் காத்திருந்தார்.